குமுளியோடு நின்றுபோன லினக்ஸ்



2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் கொடுப்பதை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. தனியாகப் பதிவு செய்துகொள்பவர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு உண்டு. அதுவும் 2026 அக்டோபரில் முடிந்துவிடும். விண்டோஸ் 11-க்கு மாறிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் கணினியாக இருந்தால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை பிராசஸராவது இருக்க வேண்டும். நம் சங்க அலுவலகக் கணினி அந்தத் தேர்வில் தேறவில்லை. உங்களில் பலர் வீட்டுக் கணினியும் தேறாது. பிள்ளைகள் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப் பரணில் கிடந்தால், அதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இதைப் பற்றிச் செயற்குழுவில் பேச்சு வந்தபோது மூன்று கருத்துகள் எழுந்தன. புதுக் கணினி வாங்கிவிடலாம் என்றார்கள் சிலர். இருக்கிற கணினியிலேயே லினக்ஸ் போடலாம், அது இலவசம் என்றார்கள் சிலர். மூன்றாவது கருத்துதான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. "லினக்ஸ் எல்லாம் இன்ஜினீயர்களுக்கு. நம்மைப் போன்ற சாதாரண ஆட்களுக்காக அது எழுதப்படவும் இல்லை, எழுதப்பட வேண்டியதும் இல்லை" என்பது அது.

அந்தக் கருத்தை அவ்வளவு சுலபமாக ஒதுக்கிவிட முடியாது. உலகம் முழுவதும் நாற்பது ஆண்டுகளாக நடக்கும் விவாதம் அது. அதில் ஒரு பங்கு நமக்கு மிக அருகில், குமுளிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்திருக்கிறது. நான் வணிகவியல் படித்தவன், கணினி படித்தவன் அல்ல. வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து பார்த்ததையும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் வைத்து எழுதுகிறேன்.

எழுதியவர்கள் யாருக்காக எழுதினார்கள்?

ஆப்பரேட்டிங் சிஸ்டம், அதாவது இயங்குதளம் என்பது கணினியின் இயந்திரத்துக்கும் நாம் பயன்படுத்தும் மென்பொருள்களுக்கும் நடுவில் நின்று வேலை வாங்குவது. வங்கிக் கிளையில் அக்கவுண்டன்ட் மாதிரி. வாடிக்கையாளர் அவரிடம் நேரடியாகப் பேசுவது குறைவு. ஆனால் அவர் ஒரு நாள் லீவு போட்டால் கிளையே தடுமாறும்.

இந்தக் கதை யுனிக்ஸில் தொடங்குகிறது. 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய இயங்குதளம் அது. அதை எழுதியவர்களும், தொடக்கத்தில் பயன்படுத்தியவர்களில் பெரும்பாலோரும் கணினி வல்லுநர்களே. மென்பொருள்கள் மெல்ல மெல்ல நிறுவனங்களின் தனிச்சொத்தாக மாறிய காலத்தில், 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு என்ற திட்டத்தை அறிவித்தார். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், மூலநிரலைப் படிக்கலாம், மாற்றலாம், மற்றவருக்குக் கொடுக்கலாம் என்பது அவர் கொள்கை. 1991 ஆகஸ்டில் பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிவருவதாக அறிவித்தார். அதுதான் லினக்ஸ். அதுவும் குனு திட்டத்தின் மென்பொருள்களும் சேர்ந்துதான் இன்று நாம் லினக்ஸ் என்று சொல்லும் முழு இயங்குதளம்.

ஆங்கிலத்தில் இதைக் குறிக்கும் சொல்லுக்கு 'விலையில்லாதது' என்றும் பொருள் உண்டு, 'சுதந்திரமானது' என்றும் பொருள் உண்டு. அதனால் அவர்களுக்கு ஓயாத குழப்பம். தமிழில் அந்தத் தொல்லை இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. லினக்ஸ் கட்டற்ற மென்பொருள். பெரும்பாலும் இலவசமாகக் கிடைப்பது அதன் கூடுதல் லாபம்.

ஆரம்பத்திலேயே இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. ஒரு கட்சி சொன்னது: "எங்களுக்கு வேண்டியதை நாங்கள் எழுதிக்கொள்கிறோம். வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும், கற்றுக்கொள்ளட்டும். சம்பளம் வாங்காமல் எழுதுகிறவனிடம் போய் இது எனக்குப் புரியவில்லை என்று குறை சொல்லக் கூடாது." இதில் நியாயம் இருக்கிறது. மற்றக் கட்சி சொன்னது: "சுதந்திரம் என்பது நிரல் எழுதத் தெரிந்தவனுக்கு மட்டும் என்றால் அது என்ன சுதந்திரம்? கடிதம் தட்டச்சு செய்பவருக்கும் கணக்கு எழுதுபவருக்கும் அது போய்ச் சேர வேண்டாமா?" இதிலும் நியாயம் இருக்கிறது.

வங்கியில் ஒளிர்ந்த பச்சை எழுத்து

இந்த இடத்தில் என் தொழில் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். நான் வங்கியில் சேர்ந்தது 1984-ல். கணினி வந்தால் வேலை போய்விடும் என்ற பயம் எங்கள் எல்லோருக்கும் இருந்த காலம். 1983-ல்தான் வங்கி ஊழியர் சங்கங்களுக்கும் வங்கி நிர்வாகங்களுக்கும் இயந்திரமயம் பற்றிய ஒப்பந்தம் ஏற்பட்டிருந்தது. 1984-ல் ரங்கராஜன் குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. அதன்பின் முதலில் லெட்ஜர் போஸ்டிங் மெஷின்கள் வந்தன. தொண்ணூறுகளில் கிளை முழுவதும் கணினிமயமானது.

எங்கள் கிளையில் மேலாளர் அறைக்குப் பக்கத்தில் ஏ.சி. போட்ட சின்ன அறையில் ஒரு சர்வர் இருந்தது. கவுண்டர்களில் இருந்தவை வெறும் டெர்மினல்கள். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. அந்த சர்வரில் ஓடியது யுனிக்ஸ். எங்களில் பலருக்கு அந்தப் பெயர்கூடத் தெரியாது. காலையில் 'டே பிகின்' போட்டதும் எங்கள் திரையில் ஒரு மெனு வரும். 1 என்றால் வரவு, 2 என்றால் பற்று, 3 என்றால் பாஸ்புக் பதிவு. மாலையில் 'டே எண்ட்', பிறகு டேப்பில் பேக்கப். ஐம்பத்தைந்து வயதில், ஓய்வுக்குச் சில ஆண்டுகளே இருக்கும்போது கணினியைத் தொட்ட மூத்த கிளார்க்குகள்கூட ஒரு மாதத்தில் பழகிக்கொண்டார்கள்.

வல்லுநர்களுக்காக எழுதப்பட்ட யுனிக்ஸை, தட்டச்சு மட்டுமே தெரிந்த எங்களால் எப்படி ஓட்ட முடிந்தது? யுனிக்ஸ் மாறவில்லை, நாங்களும் வல்லுநர்கள் ஆகவில்லை. நடுவில் ஒருவர் எங்கள் வேலை என்ன என்று கேட்டு அதற்கேற்ற மெனு எழுதியிருந்தார். கிளையில் ஒரு அதிகாரிக்குப் பயிற்சி கொடுத்து அவரைக் கணினிப் பொறுப்பில் வைத்திருந்தார்கள். பழுது வந்தால் வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தப்படி மதுரையிலிருந்து இன்ஜினீயர் வருவார். மெனு, பயிற்சி பெற்ற ஆள், பழுது பார்க்கும் ஏற்பாடு. இந்த மூன்றும் இருந்ததால்தான் அந்த இயங்குதளம் கவுண்டர் வரைக்கும் வந்து சேர்ந்தது.

அந்த யுனிக்ஸ் விலை கொடுத்து வாங்கியது, கட்டற்றது அல்ல. ஆனாலும் இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மேஜைக்குக் கொண்டுவர முயன்றவர்கள்

லினக்ஸைச் சாதாரண மேஜைக் கணினிக்குக் கொண்டுவர முதலில் பெரிய அளவில் முயன்றவர்களில் ஒருவர் ஜெர்மனி மாணவர் மத்தியாஸ் எட்ரிச். 1996 அக்டோபரில் அவர் தொடங்கிய கேடிஇ திட்டம், லினக்ஸுக்கு ஜன்னல், ஐகான், மெனு எல்லாம் ஒரே ஒழுங்கில் அமைத்துக் கொடுத்தது. அடுத்த ஆண்டே ஜினோம் என்ற இன்னொரு திட்டம் வந்தது. 2004 அக்டோபரில் தென்னாப்பிரிக்கரான மார்க் ஷட்டில்வொர்த்தின் முயற்சியில் உபுண்டு வெளிவந்தது. கேட்டவர்களுக்கு உலகின் எந்த மூலைக்கும் தபால் செலவுகூட வாங்காமல் சி.டி. அனுப்பினார்கள். 2011 வரை அந்தச் சேவை நடந்தது.

தமிழர்களும் சும்மா இருக்கவில்லை. 2000-ஆம் ஆண்டை ஒட்டியே தன்னார்வலர்கள் கேடிஇ, ஜினோம் மெனுக்களைத் தமிழாக்கத் தொடங்கிவிட்டார்கள். 'கோப்பு', 'தொகு', 'அச்சிடு' என்று இன்று நாம் கணினியில் பார்க்கும் சொற்களில் பல அந்தக் காலத்து உழைப்பில் பழக்கத்துக்கு வந்தவை. 2012 ஜனவரியிலிருந்து 'கணியம்' என்ற இணைய இதழ் கட்டற்ற மென்பொருளைப் பற்றி எளிய தமிழில் எழுதிவருகிறது.

அரசுத் தரப்பிலும் ஆதரவுக் குரல் இருந்தது. 2003 மே மாதம், குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம் புனேயில் பேசும்போது, இந்தியாவுக்குத் திறந்த மூல மென்பொருளே ஏற்றது என்ற கருத்தை வெளிப்படையாகவே சொன்னார். 2005-ல் சென்னையில் சி-டாக் நிறுவனமும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும் சேர்ந்து இதற்கென ஒரு தேசிய மையத்தை நடத்தத் தொடங்கின. அதே ஆண்டு ஏப்ரலில் மத்திய அரசு தமிழ் எழுத்துருக்கள், தமிழ் ஓப்பன் ஆபீஸ் அடங்கிய சி.டி.யை வெளியிட்டு, கேட்டவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது. 2007 ஜனவரியில் சி-டாக் சென்னை மையத்திலிருந்து பாஸ் லினக்ஸ் வந்தது. டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு, தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்கு ஏற்ப அமைக்கப்பட்ட இயங்குதளம். சாதாரண மனிதருக்காக ஒரு லினக்ஸ் வேண்டும் என்ற கேள்விக்கு, நம் தலைநகரிலேயே அரசு செலவில் விடை எழுதப்பட்டது என்று சொல்லலாம்.

மலைக்கு அந்தப் பக்கம்

கம்பத்திலிருந்து கூடலூர், லோயர் கேம்ப் வழியாக மலை ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் குமுளி. அங்கிருந்து கேரளம். அந்த மாநிலத்தில் நடந்தது தனிக்கதை.

2001 ஜூலையில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில்தான் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு, விண்வெளி விஞ்ஞானி யு.ஆர்.ராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்ற திட்டத்தைக் கேரள அரசு தொடங்கியது. முதலில் அங்கும் பாடத்திட்டம் விண்டோஸை ஒட்டித்தான் இருந்தது. ஒரு தனியார் நிறுவனத்தின் பொருளை மட்டும் அரசுப் பாடமாக வைக்கலாமா என்று ஆசிரியர் அமைப்புகளும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் கேள்வி எழுப்பினார்கள். 2000-களின் நடுவில் பாடத்திட்டம் லினக்ஸ் பக்கம் திரும்பியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பத்தாம் வகுப்பு ஐ.டி. செய்முறைத் தேர்வே முழுக்க லினக்ஸில் நடக்கும் நிலை வந்தது.

இதில் முக்கியமான சொல் 'தேர்வு'. மதிப்பெண் இருக்கிறது என்றால் பிள்ளையும் படிக்கும், பெற்றோரும் கேட்பார்கள், ஆசிரியரும் தயாராவார். அதோடு நிற்கவில்லை. பள்ளிக்கு ஒரு ஆசிரியர் ஐ.டி. ஒருங்கிணைப்பாளர். அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க மாவட்டந்தோறும் மாஸ்டர் டிரெய்னர்கள். 2017-ல் இந்தத் திட்டம் கைட் என்ற அரசு நிறுவனமாக மாறியது. 2018-ல் 'லிட்டில் கைட்ஸ்' என்று பள்ளி மாணவர் மன்றங்கள் தொடங்கப்பட்டன. கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்வதில் பிள்ளைகளுக்கே பங்கு வந்தது. 2019-ல் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு தங்கள் பள்ளிகளுக்கென்றே தயாரித்த புதிய பதிப்பை வெளியிட்டார்கள். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்கு அது என்றும், உரிமக் கட்டணத்தில் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்றும் கைட் கணக்குச் சொன்னது. விலை கொடுத்து வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற மதிப்பீடுதான் அது. அந்தத் தொகையைக் கொஞ்சம் குறைத்து எடுத்துக்கொண்டாலும் பெரிய தொகைதான்.

நமக்கு நெருக்கமான ஒரு செய்தி. இடுக்கி மாவட்டத்தில் பீர்மேடு, தேவிகுளம் பகுதிகளில் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த ஐ.டி. பாடநூல் தமிழிலேயே வருகிறது. அதாவது மலைக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை லினக்ஸைத் தமிழில் படிக்கிறது.

மலைக்கு இந்தப் பக்கம்

நம் பக்கம் முயற்சியே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2007 வாக்கில் சி.உமாசங்கர் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, தமிழக அரசின் எல்காட் நிறுவனம் தன் அலுவலகக் கணினிகளையே சூசி லினக்ஸுக்கு மாற்றியது. இந்திய அளவில் பேசப்பட்ட செய்தி அது. 2011 செப்டம்பர் 15 அன்று அன்றைய முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கினார். முதல் ஆண்டுக்கு மட்டும் ஒன்பது லட்சத்துக்கும் அதிகமான லேப்டாப்கள். அவற்றில் விண்டோஸும் இருந்தது, பாஸ் லினக்ஸும் இருந்தது. பட்டனை அழுத்தினால் எது வேண்டும் என்று திரை கேட்கும். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், வீட்டுக்கு வீடு லினக்ஸ் கொடுத்ததில் தமிழ்நாட்டுக்கு நிகர் சொல்ல உலகில் அதிக இடங்கள் இருக்காது.

2014 ஏப்ரல் 8-ல் விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு அப்டேட் நின்றது. அதற்கு முன்பே தமிழக அரசு தன் துறைகளை பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி அறிவுறுத்தியது. இன்று நம் சங்கத்தின் முன் நிற்கும் அதே கேள்வி, அன்று அரசின் முன் நின்றது.

விளைவு என்ன? உங்கள் வீட்டையே பாருங்கள். உங்கள் பிள்ளையோ பேரப்பிள்ளையோ அந்த லேப்டாப்பில் பாஸ் லினக்ஸை எத்தனை நாள் திறந்தது? நான் நம் தெருக்களில் விசாரித்த வரையில், திரையில் அந்தப் பெயரைப் பார்த்த ஞாபகம் மட்டும்தான் பலருக்கு இருக்கிறது. காரணங்களை வரிசைப்படுத்திப் பார்க்கிறேன்.

முதலாவது, தேர்வில் அது இல்லை. பிளஸ் டூ முடிக்கப்போகும் பிள்ளைக்கு மதிப்பெண் தராத ஒன்றைத் தொட நேரம் ஏது? 2018-ல் மாறிய பதினோராம் வகுப்புப் பாடநூலில்தான் விண்டோஸோடு உபுண்டுவும், ஓப்பன் ஆபீஸும் வந்தன. வணிகவியல் பிரிவில் கணினிப் பயன்பாடுகள் படித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களுக்குத் தெரியும். முதல் லேப்டாப்புக்கும் அந்தப் பாடநூலுக்கும் நடுவில் ஏழு ஆண்டுகள் போய்விட்டன.

இரண்டாவது, பழுது பார்க்கும் கடை. லேப்டாப் மெதுவாகிவிட்டது என்று பெரியகுளம் சாலையிலோ மதுரை சாலையிலோ ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனால், 'ஃபார்மேட்' பண்ணித் தருவார்கள். திரும்பி வரும்போது லினக்ஸ் இருக்காது. கடைக்காரர் மேல் தவறில்லை. அவருக்குத் தெரிந்ததை அவர் போட்டுக் கொடுக்கிறார்.

மூன்றாவது, நம் ஊர்த் தொழில்கள். டி.டி.பி. சென்டரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கப் பேஜ்மேக்கர், கோரல்டிரா. கடைக் கணக்குக்கு டேலி. இவை எல்லாம் விண்டோஸை நம்பி எழுதப்பட்டவை. ஏலக்காய் வியாபாரியோ திராட்சை மொத்த வியாபாரியோ இயங்குதளத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை. கணக்கு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கிறார். அது எதில் ஓடுமோ அது அவர் மேஜைக்கு வருகிறது.

நான்காவது காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனால் சொல்லாவிட்டால் வரலாறு முழுமையாகாது. நம் ஊர்களில் லினக்ஸுக்குப் போட்டியாக நின்றது காசு கொடுக்காத விண்டோஸ். ஐம்பது ரூபாய் சி.டி.யில் எல்லா மென்பொருளும் கிடைத்த காலத்தில், இலவசம் என்று சொல்லி லினக்ஸை யாரிடம் விற்பது? உண்மையான உரிமக் கட்டணத்தைக் கொடுத்திருந்தால் நம் சிறு வியாபாரிகள் பாதிப் பேர் என்றோ மாற்றை யோசித்திருப்பார்கள்.

இந்த நான்கில் ஒன்றுகூட லினக்ஸின் தொழில்நுட்பக் குறை இல்லை என்பதைக் கவனியுங்கள். அதே லினக்ஸ்தான் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் குமுளிப் பள்ளியிலும் ஓடியது.

அணையும் கடைமடையும்

நம் பள்ளத்தாக்கில் இதைப் புரியவைக்க வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. பென்னிகுயிக் 1895-ல் அணையைக் கட்டி முடித்தார். மலையைக் குடைந்து தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பினார். அதற்காக இன்றும் அவரை வணங்குகிறோம். ஆனால் அணை நிறைந்துவிட்டது என்ற செய்தி கேட்டு எந்த விவசாயியும் நாற்றுப் பாவுவதில்லை. மதகு திறந்தார்களா, வாய்க்கால் தூர் வாரினார்களா, 18-ஆம் கால்வாயின் கடைசிக் கண்மாய்க்குத் தண்ணீர் வந்ததா என்றுதான் கேட்பார். ஒவ்வொரு ஆண்டும் நம் செய்தித்தாள்களின் மாவட்டப் பக்கத்தில் வரும் செய்தி அது.

லினக்ஸ் எழுதியவர்கள் அணை கட்டினார்கள். கேரளம் வாய்க்கால் வெட்டியது. தமிழ்நாடு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குடம் தண்ணீர் கொடுத்துவிட்டு வாய்க்காலை மறந்தது.

வாய்க்காலை வெட்டினால் மட்டும் போதாது, ஆண்டுதோறும் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003-ல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, 2013-க்குள் சுமார் 15,000 கணினிகளை மாற்றி முடித்தது. உலகமே பாராட்டியது. 2017-ல் அதே நகராட்சி விண்டோஸுக்கே திரும்புவது என்று வாக்களித்தது. பணக்கார நாட்டு நகரத்துக்கே இந்த நிலை என்றால் கவனம் தேவை என்று அர்த்தம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. உங்கள் சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடிப்படை லினக்ஸ்தான். 2008-ல் முதல் ஆண்ட்ராய்டு போன் விற்பனைக்கு வந்தது. நம் நகரில் எண்பது வயதுப் பாட்டியும் அதில் பேரனோடு வீடியோவில் பேசுகிறார். ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்றிதழைக்கூட அதில் முகத்தைக் காட்டிப் பதிவு செய்கிறோம். சாதாரண மனிதருக்கு லினக்ஸ் ஒத்துவராது என்ற வாதம் அங்கேயே அடிபட்டுப்போகிறது. அந்த வாய்க்காலை வெட்டியது கூகுள். அதற்கு ஈடாக நம் தகவல்களையும் நம் கவனத்தையும் எடுத்துக்கொள்கிறது. பொதுவில் வாய்க்கால் வெட்ட ஆள் இல்லாத இடத்தில் தனியார் வெட்டுவார், தீர்வையும் அவரே வைப்பார்.

ஆகவே முதலில் எழுந்த கேள்விக்கு என் பதில் இது. திறந்த மூல இயங்குதளங்கள் சாதாரண மேஜைக் கணினிக்காரரையும் மனதில் வைக்க வேண்டுமா? வைக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கடமையை, சம்பளமில்லாமல் எழுதுகிற தன்னார்வலர் தலையில் கட்டக் கூடாது. அதன் பலனை எடுத்துக்கொள்ளும் அரசு, பள்ளி, வங்கி, ஏன், நம்மைப் போன்ற ஒரு சங்கம், இவற்றின் கடமை அது. பயன்பெறுகிறவர்தான் வாய்க்காலைத் தூர்வார வேண்டும். நம் ஊர் ஆயக்கட்டுகளில் இது பழைய வழக்கம்தான்.

நாம் செய்யக்கூடியது

கணக்கு எழுதிப் பழகியவன் என்பதால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உரிமக் கட்டணம் பூஜ்ஜியம் என்பதால் செலவே பூஜ்ஜியம் என்று நினைக்க வேண்டாம். பழக்கும் நேரம், பார்த்துக்கொள்ளும் ஆள், ஒத்துவராத பிரிண்டர், இவை எல்லாம் செலவுக் கணக்கில் வரும். அதையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். என் யோசனைகள் இவை:

ஒன்று. சங்கக் கணினியில் நாம் உண்மையில் செய்யும் வேலைகளைப் பட்டியல் போடுவோம். சந்தா ரசீது, வரவு செலவுப் பதிவு, தமிழில் சுற்றறிக்கை, மின் கட்டணம், இந்தக் காலாண்டு இதழ். இவை அனைத்துக்கும் லினக்ஸில் பிரௌசரும் லிபர் ஆபீஸும் போதும். தமிழ்99 விசைப்பலகையும் அதில் உண்டு. சிசிடிவி பதிவைப் பார்க்கும் மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடுவதாக இருந்தால், அதைத் தனியாகக் குறித்துக்கொள்வோம்.

இரண்டு. எதையும் அழிக்க வேண்டாம். முதலில் பழைய கோப்புகளை வேறு டிஸ்கில் நகல் எடுப்போம். பிறகு பென் டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். பிரிண்டர் அச்சடிக்கிறதா, வைஃபை வருகிறதா என்று ஒரு வாரம் சோதித்துவிட்டு முடிவு செய்வோம். டேலியோ டிஜிட்டல் கையொப்பமோ தேவைப்படுகிறவர்கள் வீட்டில் விண்டோஸையே வைத்துக்கொள்வதுதான் நல்லது. இதில் வீம்பு வேண்டாம்.

மூன்று. இதுதான் முக்கியம். பொறுப்பான இரண்டு பேரை நியமிக்க வேண்டும். நம் நகரில் பொறியியல், பாலிடெக்னிக் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள் மாலை ஒரு மணி நேரம் வாசிப்பறையில் இருந்தால் போதும். பரணில் கிடக்கும் லேப்டாப்பைத் துடைத்து எடுத்துக்கொண்டு நீங்கள் வாருங்கள். பேட்டரி போயிருந்தாலும் சார்ஜர் சொருகினால் பல கணினிகள் ஓடும். அவற்றில் நன்றாக ஓடுகிற இரண்டை வாசிப்பறையிலேயே வைத்தால், கம்ப்யூட்டர் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பாடநூலில் படிக்கும் உபுண்டுவைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். நம் தெருக்களில் வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்களின் பிள்ளைகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

மூன்றாவது யோசனைக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் முதல் இரண்டையும் கைவிட்டு, புதுக் கணினி வாங்கத் தீர்மானம் போடுவதே மேல். ஆள் வைக்காமல் லினக்ஸ் போட்டால், 2011-ல் நடந்ததை நாமும் சிறிய அளவில் திரும்பச் செய்தவர்களாவோம். ஆறு மாதத்தில் யாரோ ஒருவர் அதை 'ஃபார்மேட்' செய்துகொண்டு வந்துவிடுவார்.

அடுத்த பொதுக்குழுவில் இது விவாதத்துக்கு வருகிறது. பெயர் கொடுக்க விரும்பும் இளைஞர்களும், பழைய லேப்டாப் தர விரும்பும் குடும்பங்களும் அதற்கு முன்பே செயலாளரிடம் தெரிவித்தால் உதவியாக இருக்கும். மாற்றுக் கருத்து இருப்பவர்களும் தயங்காமல் எழுதுங்கள், அடுத்த இதழில் வெளியிடலாம்.